இரு உப்புக் கரைசல்கள் கலக்கும்போது: விளைபொருளைக் கணிப்பதும் சமன்பாட்டைச் சமன்செய்வதும்

இரண்டு உப்புகளைத் தனித்தனியே நீரில் கரைத்து, தெளிந்த அந்தக் கரைசல்களை ஒரே குவளையில் ஊற்றினால், சில நேரம் நொடிப்பொழுதில் கலங்கல் தோன்றித் திடப்பொருள் அடியில் படிகிறது. சில நேரம் எதுவுமே நிகழாமல் நீர் தெளிவாகவே இருந்துவிடுகிறது. எந்த இரண்டைக் கலந்தால் கலங்கும், படிவது எந்தப் பொருள், அதற்கு ஒவ்வோர் உப்பும் எவ்வளவு செலவாகும் என்பவற்றைக் குவளையைத் தொடுவதற்கு முன்பே தாளில் எழுதிவிட முடியும். பத்தாம் வகுப்பில் இரட்டை இடப்பெயர்ச்சி வினை என்ற பெயரில் அறிமுகமாகும் இந்தப் பாடம், மேல்நிலை வகுப்பின் உப்புப் பகுப்பாய்வு வரை கூடவே வருகிறது. ஆனாலும் மாணவர்கள் பலர் ஒவ்வொரு சமன்பாட்டையும் தனித்தனியே மனப்பாடம் செய்கிறார்கள். அந்தச் சுமை தேவையே இல்லை. அயனிகளின், அதாவது மின்சுமை ஏற்ற அணுக்கள் அல்லது அணுத்தொகுதிகளின், மின்சுமையும், எவை நீரில் கரையும் எவை கரையாது என்ற சில விதிகளும் தெரிந்தால், இதுவரை பார்த்திராத இரண்டு உப்புகளுக்கும் விடை எழுதிவிடலாம்.

சென்னையில் இருப்பவர்கள் இதற்கான எடுத்துக்காட்டைத் தேடி ஆய்வகத்துக்குப் போக வேண்டியதில்லை. நம் ஆழ்துளைக் கிணற்று நீரே ஓர் உப்புக் கரைசல்தான். கால்சியம், மெக்னீசியம், சோடியம் ஆகிய நேர்மின் அயனிகளும், குளோரைடு, சல்பேட், பைகார்பனேட் ஆகிய எதிர்மின் அயனிகளும் அதில் கரைந்திருக்கின்றன. கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சும்போது கடல்நீர் உள்ளே ஊடுருவிக் குளோரைடின் அளவைக் கூட்டுகிறது; வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் இது பல ஆண்டுகளாக ஆராயப்பட்டுவரும் சிக்கல். சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் பிரிவதும், வாளியிலும் குழாய் வாயிலும் வெள்ளைப் படலம் ஏறுவதும் கால்சியம், மெக்னீசியம் அயனிகளின் வேலை; இவை மிகுந்த நீரையே கடின நீர் என்கிறோம். ஆகவே இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவற்றை இந்த நீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன். வாய்பாடுகளைக் குறியீடுகளால் எழுதாமல் பெயராலேயே சொல்லப்போகிறேன்; எந்த அயனி, எத்தனை என்ற இரண்டு கேள்விகளிலிருந்து கவனம் சிதறாமல் இருக்க அதுவே நல்லது.

கரைசலில் இருப்பவை உப்புகள் அல்ல, அயனிகள்

சமையல் உப்பை நீரில் போட்டுக் கலக்கிய பின்பு அந்த நீருக்குள் சோடியம் குளோரைடு என்று ஒன்றாக ஒட்டிய துகள் எதுவும் இருப்பதில்லை. நேர்மின்சுமை கொண்ட சோடியம் அயனிகளும் எதிர்மின்சுமை கொண்ட குளோரைடு அயனிகளும் நீர் மூலக்கூறுகளால் சூழப்பட்டுத் தனித்தனியே திரிகின்றன. சில்வர் நைட்ரேட் கரைசலிலும் அவ்வாறே சில்வர் அயனிகளும் நைட்ரேட் அயனிகளும் தனித்தனியே இருக்கின்றன. இரண்டையும் கலந்தவுடன் ஒரே நீரில் நான்கு வகை அயனிகள் இருக்கின்றன. நேர்மின் அயனி எதிர்மின் அயனியோடு மட்டுமே சேர முடியும் என்பதால், புதிதாக உருவாகக்கூடிய இணைகள் இரண்டே இரண்டு: சில்வரும் குளோரைடும், சோடியமும் நைட்ரேட்டும். விளைபொருளைக் கணிக்கும் வேலையில் பாதி இத்துடன் முடிந்துவிடுகிறது.

சில்வர் நைட்ரேட் + சோடியம் குளோரைடு → சில்வர் குளோரைடு + சோடியம் நைட்ரேட்

நைட்ரேட், சல்பேட், கார்பனேட், பாஸ்பேட் போன்ற பல அணுக்கள் கொண்ட அயனிகள் இந்த வினைகளில் உடைவதில்லை. சல்பேட்டில் ஒரு கந்தகமும் நான்கு ஆக்சிஜனும் இருக்கின்றன என்பது உண்மையே. ஆனால் அது முழுதாக இடம் மாறுகிறது. எனவே சமன்செய்யும்போது ஆக்சிஜன்களைத் தனியே எண்ணிக்கொண்டிருக்காமல், சல்பேட்டை ஒரே அலகாக எண்ணினால் வேலை எளிதாகும், பிழையும் குறையும்.

மின்சுமையிலிருந்து வாய்பாட்டுக்கு

புதிய இணைகளின் பெயர் தெரிந்தாயிற்று. அடுத்து, ஒவ்வோர் இணையிலும் எந்த அயனி எத்தனை என்று முடிவு செய்ய வேண்டும். சோடியம், பொட்டாசியம், அம்மோனியம், சில்வர் ஆகியவற்றின் மின்சுமை நேர் 1. கால்சியம், மெக்னீசியம், பேரியம், துத்தநாகம், லெட் (ஈயம்) ஆகியவற்றுக்கும் நீல நிறக் கரைசல் தரும் காப்பருக்கும் நேர் 2; அலுமினியத்துக்கும் ஃபெரிக் நிலையில் உள்ள இரும்புக்கும் நேர் 3. எதிர்ப்பக்கத்தில் குளோரைடு, புரோமைடு, அயோடைடு, நைட்ரேட், ஹைட்ராக்சைடு ஆகியவை எதிர் 1. சல்பேட், கார்பனேட், குரோமேட் ஆகியவை எதிர் 2. பாஸ்பேட் எதிர் 3. இவ்வளவையும் மனத்தில் பதிய வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். இதற்குக் குறுக்கு வழி இல்லை.

உப்பு என்பது மொத்தத்தில் மின்சுமை அற்றது. ஆகவே நேர்மின்சுமையின் கூடுதலும் எதிர்மின்சுமையின் கூடுதலும் ஈடாக வேண்டும். கால்சியம் நேர் 2, குளோரைடு எதிர் 1 என்பதால் ஒரு கால்சியத்துக்கு இரண்டு குளோரைடு வேண்டும். கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்தால் ஒன்றுக்கு ஒன்று போதும். கால்சியமும் பாஸ்பேட்டும் சேரும்போது 2, 3 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 6 என்பதால், மூன்று கால்சியத்துக்கு இரண்டு பாஸ்பேட் தேவைப்படுகிறது.

மாணவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும். கால்சியம் குளோரைடு கரைசலோடு சோடியம் கார்பனேட் கரைசலைச் சேர்க்கிறோம். கால்சியம் குளோரைடில் குளோரைடு இரண்டு இருந்ததைப் பார்த்தவர், புதிய இணையை எழுதும்போதும் சோடியத்தோடு இரண்டு குளோரைடுகளைச் சேர்த்து ஒரே வாய்பாடாக எழுதிவிடுகிறார். ஒரு சோடியமும் இரண்டு குளோரைடும் கொண்ட உப்பு உலகில் எங்கும் இல்லை. அயனி புதிய இணைக்குப் போகும்போது தன் மின்சுமையை மட்டுமே கொண்டுபோகிறது. பழைய வாய்பாட்டில் அதன் கீழே எழுதியிருந்த எண் பழைய துணையின் மின்சுமையால் வந்தது, அது அங்கேயே தங்கிவிடுகிறது. எனவே ஒவ்வொரு விளைபொருளின் வாய்பாட்டையும், இடப்பக்கத்தைத் திரும்பிப் பார்க்காமல், மின்சுமையை மட்டும் வைத்துப் புதிதாக எழுத வேண்டும். இந்த ஒரு பழக்கம் படிந்துவிட்டால் இப்பாடத்தில் வரும் பிழைகளில் பெரும்பகுதி மறைந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

எது கரையும், எது படியும்

இணை மாறிய சமன்பாட்டைத் தாளில் எழுதிவிட்டதாலேயே குவளையில் வினை நிகழ்ந்துவிடாது. புதிய இரண்டு இணைகளில் ஒன்றாவது நீரை விட்டு வெளியேற வேண்டும். உப்புகளுக்கு இடையேயான வினைகளில், நீரில் கரையாத திடப்பொருளாகப் படிவதே அதன் வழக்கமான வடிவம். அந்தத் திடப்பொருளுக்குத்தான் வீழ்படிவு என்று பெயர்.

சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் ஆகியவற்றின் வழக்கமான உப்புகள் அனைத்தும் கரையும். நைட்ரேட்டுகள் அனைத்தும் கரையும். இந்த இரண்டு விதிகளை முதலில் பொருத்திப் பார்த்தாலே பெரும்பாலான கணக்குகளில் ஒரு விளைபொருள் கரைசலிலேயே இருக்கும் என்பது தெரிந்துவிடும். குளோரைடு, புரோமைடு, அயோடைடு உப்புகள் பெரும்பாலும் கரையும்; சில்வரோடும் லெட்டோடும் சேர்ந்தவை கரையாது. லெட் குளோரைடு குளிர்ந்த நீரில் படிந்து, கொதிநீரில் ஓரளவு கரைந்துவிடும். சல்பேட்டுகளும் பொதுவாகக் கரைபவையே. பேரியம், ஸ்ட்ரான்சியம், லெட் சல்பேட்டுகள் விலக்கு, கால்சியம் சல்பேட் இடைப்பட்ட நிலை. கார்பனேட், பாஸ்பேட் உப்புகள் சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் ஆகியவற்றோடு சேர்ந்தால் கரையும், மற்றவற்றோடு சேர்ந்தால் படியும்.

கரையாது என்ற சொல்லை மிகக் குறைவாகவே கரையும் என்ற பொருளில்தான் கொள்ள வேண்டும். அறை வெப்பநிலையில் 100 மில்லி நீரில் சுமார் 36 கிராம் சோடியம் குளோரைடு கரைகிறது. சில்வர் குளோரைடோ ஒரு முழு லிட்டர் நீரில் ஏறத்தாழ 2 மில்லிகிராம் அளவுக்கே கரைகிறது. பேரியம் சல்பேட்டும் ஏறத்தாழ அப்படித்தான். கரையக்கூடிய பேரியம் உப்புகள் கொடிய நஞ்சு; ஆனால் வயிற்றை எக்ஸ்ரே எடுப்பதற்கு முன் நோயாளிக்குப் பேரியம் சல்பேட்டைக் குடிக்கக் கொடுக்கிறார்கள். அது கரையாமலேயே உடலை விட்டு வெளியேறிவிடுவதால்தான் அவ்வாறு கொடுக்க முடிகிறது.

சமன்செய்தல்: கெழுவை மட்டும் தொடுங்கள்

கடின நீரை மென்னீராக்கச் சலவைச் சோடாவைச் சேர்க்கும் வழக்கம் பழையது. சலவைச் சோடா என்பது நீரேறிய சோடியம் கார்பனேட். அது நீரிலுள்ள கால்சியம் குளோரைடோடு வினைபுரிவதை எழுதிப் பார்ப்போம்.

கால்சியம் குளோரைடு + சோடியம் கார்பனேட் → கால்சியம் கார்பனேட் + சோடியம் குளோரைடு

இடப்பக்கத்தில் கால்சியம் 1, குளோரைடு 2, சோடியம் 2, கார்பனேட் 1 இருக்கின்றன. வலப்பக்கத்தில் கால்சியம் 1, கார்பனேட் 1, சோடியம் 1, குளோரைடு 1 இருக்கின்றன. சோடியமும் குளோரைடும் ஒவ்வொன்று குறைகின்றன. சோடியம் குளோரைடுக்கு முன்னால் 2 என்ற கெழுவை இட்டால் இரண்டும் ஒருங்கே நேராகிவிடுகின்றன.

கால்சியம் குளோரைடு + சோடியம் கார்பனேட் → கால்சியம் கார்பனேட் + 2 சோடியம் குளோரைடு

வாய்பாட்டுக்கு உள்ளே இருக்கும் எண்ணை மாற்றியும் கணக்கை நேராக்கலாமே என்று தோன்றக்கூடும். ஆனால் அந்த எண் பொருளின் அடையாளம். அதை மாற்றினால் வேறு பொருளாகிவிடும், அல்லது இல்லாத பொருளாகிவிடும். முன்னால் இடும் கெழு அதே பொருள் எத்தனை அலகு என்பதை மட்டுமே சொல்கிறது. ஆகவே வாய்பாடுகளை எல்லாம் எழுதி முடித்த பின்பே கெழுக்களில் கை வைக்க வேண்டும். அதற்குப் பின் வாய்பாட்டைத் தொடவே கூடாது.

சமன்பாடு சரியாக அமைந்ததா என்பதை நிறையைக் கொண்டும் சோதிக்கலாம். மோல் என்பது துகள்களை எண்ணும் நிலையான ஓர் அலகு. ஒரு மோல் கால்சியம் குளோரைடு 111 கிராம், நீரற்ற சோடியம் கார்பனேட் 106 கிராம்; கூட்டினால் 217. மறுபக்கம் கால்சியம் கார்பனேட் 100 கிராம், இரண்டு மோல் சோடியம் குளோரைடு 117 கிராம், இதுவும் 217. ஒரு மோல் கால்சியம் கார்பனேட் முழுதாக 100 கிராம் இருப்பதால் கணக்குக்கு வசதியும் கூடுகிறது. நீர்ப் பரிசோதனை அறிக்கைகளில் கடினத்தன்மையைக் கால்சியம் கார்பனேட்டின் அளவாகக் குறிப்பிடுவதே வழக்கம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமும் அவ்வாறே கணக்கிட்டு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடங்களில் 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது.

இதைவிடச் சற்றுக் கடினமான ஒன்றைப் பார்க்கலாம். தொழிற்சாலைக் கொதிகலன்களில் கடின நீர் போனால் குழாய்ச் சுவரில் கெட்டியான படிவு ஏறி, வெப்பம் கடத்துவது தடைபட்டு, எரிபொருள் வீணாகும். அதைத் தவிர்க்கக் கொதிகலன் நீரில் சோடியம் பாஸ்பேட்டைச் சேர்க்கிறார்கள். கால்சியம் சுவரில் ஒட்டாத மென்மையான சேறாகப் பிரிந்து, அவ்வப்போது வெளியேற்றப்படுகிறது. கொதிகலனின் காரச் சூழலில் உருவாகும் பாஸ்பேட் சற்றுச் சிக்கலானது என்றாலும், பயிற்சிக்கு எளிய வடிவம் போதும். சோடியம் பாஸ்பேட்டில் சோடியம் 3, பாஸ்பேட் 1. விளைபொருளான கால்சியம் பாஸ்பேட்டில் கால்சியம் 3, பாஸ்பேட் 2 என்று முன்பே கண்டோம்.

இத்தகைய சமன்பாடுகளில் மிகச் சிக்கலான வாய்பாட்டிலிருந்து தொடங்குவதே நல்ல வழி. கால்சியம் பாஸ்பேட் ஒன்று உருவாக மூன்று கால்சியம் வேண்டும். ஆகவே கால்சியம் குளோரைடு மூன்று. இரண்டு பாஸ்பேட் வேண்டும். ஆகவே சோடியம் பாஸ்பேட் இரண்டு. இப்போது இடப்பக்கத்தில் குளோரைடு 6, சோடியமும் 6. ஆகவே சோடியம் குளோரைடு ஆறு.

3 கால்சியம் குளோரைடு + 2 சோடியம் பாஸ்பேட் → கால்சியம் பாஸ்பேட் + 6 சோடியம் குளோரைடு

கடைசி இரண்டு எண்ணிக்கைகளும், குளோரைடும் சோடியமும், தாமாகவே 6 என்று ஒத்துப்போவதைக் கவனியுங்கள். மின்சுமையைச் சரியாகக் கையாண்டிருந்தால் அது எப்போதும் இப்படித்தான் ஒத்துப்போகும். ஒத்துப்போகாவிட்டால் கெழுக்களை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. பிழை ஏதோ ஒரு வாய்பாட்டில் இருக்கிறது என்று பொருள். பின்னோக்கிப் போய் மின்சுமைகளைத்தான் சரிபார்க்க வேண்டும்.

வினையில் பங்கு கொள்ளாதவை

சில்வர் நைட்ரேட்டும் சோடியம் குளோரைடும் கலந்த குவளைக்குத் திரும்புவோம். சில்வரும் குளோரைடும் தயிர் திரிந்தாற்போன்ற வெள்ளை வீழ்படிவாகப் பிரிகின்றன. சோடியமும் நைட்ரேட்டும் கலப்பதற்கு முன்பு எப்படித் தனித்தனியே திரிந்தனவோ, கலந்த பின்பும் அப்படியே திரிகின்றன. இவற்றைப் பார்வையாளர் அயனிகள் என்கிறோம். அவற்றை இரு பக்கமும் அடித்துவிட்டால் மிஞ்சுவது நிகர அயனிச் சமன்பாடு:

சில்வர் அயனி + குளோரைடு அயனி → சில்வர் குளோரைடு

குளோரைடு எந்த உப்பிலிருந்து வந்திருந்தாலும் நிகழ்வது இந்த ஒரே வினைதான். ஆழ்துளைக் கிணற்று நீரில் சோடியம் குளோரைடு, கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு என்று எதிலிருந்து வந்த குளோரைடாக இருந்தாலும், சில்வர் நைட்ரேட் எல்லாவற்றையும் ஒன்றுபோலவே பிடித்துவிடும். நீரில் குளோரைடின் மொத்த அளவைக் கண்டறியும் சோதனை இதை நம்பியே அமைந்திருக்கிறது.

அந்தச் சோதனையை நெருங்கிப் பார்த்தால், இதுவரை சொன்ன அனைத்தும் ஒரே குடுவையில் நடப்பதைக் காணலாம். இது 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய வேதியியலாளர் மோரின் பெயரால் வழங்கும் தரம்பார்த்தல் முறை; அதாவது, செறிவு தெரிந்த கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, செலவான அளவைக் கொண்டு கணக்கிடுவது. கூம்புக் குடுவையில் அளந்து எடுத்த நீரில் சில துளி பொட்டாசியம் குரோமேட் சேர்த்தால் நீர் மஞ்சளாகிறது. அளவு குறித்த, திருகு உள்ள கண்ணாடிக் குழாயான பியூரெட்டிலிருந்து சில்வர் நைட்ரேட் சொட்டுச் சொட்டாக விழுகிறது. ஒவ்வொரு சொட்டும் விழும் இடத்தில் செந்நிறம் ஒரு கணம் தோன்றுகிறது. குடுவையைச் சுழற்றியதும் மறைந்து, வெள்ளைக் கலங்கல் மட்டும் கூடுகிறது. அந்தச் செந்நிறம் சில்வர் குரோமேட்.

2 சில்வர் நைட்ரேட் + பொட்டாசியம் குரோமேட் → சில்வர் குரோமேட் + 2 பொட்டாசியம் நைட்ரேட்

குரோமேட்டின் மின்சுமை எதிர் 2 என்பதால் அதற்குச் சில்வர் இரண்டு தேவை. சமன்பாட்டில் 2 வந்ததன் காரணம் அதுவே. சில்வர் குளோரைடு சில்வர் குரோமேட்டைவிடக் குறைவாகக் கரைவது. எனவே குளோரைடு மிச்சம் இருக்கும் வரை, தோன்றிய சில்வர் குரோமேட் நிலைக்காமல் சில்வரைக் குளோரைடிடம் இழந்துவிடுகிறது.

சில்வர் குரோமேட் + 2 சோடியம் குளோரைடு → 2 சில்வர் குளோரைடு + சோடியம் குரோமேட்

குளோரைடு தீர்ந்த பின்பு விழும் சொட்டின் செந்நிறம் சுழற்றினாலும் மறையாது. அந்தக் கணத்தில் பியூரெட்டை மூடி அளவைக் குறிக்க வேண்டும். ஒரு சில்வருக்கு ஒரு குளோரைடு என்று சமன்பாடு சொல்வதால், செலவான சில்வர் நைட்ரேட்டின் அளவிலிருந்து நீரிலிருந்த குளோரைடின் அளவு நேராகக் கிடைத்துவிடும். குடிநீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்பது அதன் ஏற்கத்தக்க எல்லை. சில்வர் நைட்ரேட் தோலில் பட்டால் கருப்புக் கறை படியும். குரோமேட் நச்சுத்தன்மை உடையது. இரண்டையும் கையுறை அணிந்தே கையாள வேண்டும், கழிவைத் தொட்டியில் ஊற்றிவிடக் கூடாது.

வினை இல்லை என்பதும் விடையே

சோடியம் குளோரைடு கரைசலையும் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலையும் கலந்தால் என்ன ஆகும் என்று கேட்டால், பலர் சோடியம் நைட்ரேட், பொட்டாசியம் குளோரைடு என்று எழுதி, கெழுக்களும் சரியாக இருப்பதைக் கண்டு நிறைவடைந்துவிடுகிறார்கள். ஆனால் அந்த இரண்டு புதிய இணைகளும் கரைபவை. நான்கு அயனிகளும் முன்புபோலவே நீரில் திரிகின்றன, நான்கும் பார்வையாளர்கள். வினை நிகழவில்லை என்பதே சரியான விடை. சமன்பாடு சமனாக இருப்பது வினை நிகழும் என்பதற்குச் சான்று ஆகாது.

இணை மாற்றும் முறைக்கு எல்லைகளும் உண்டு. காப்பர் சல்பேட் கரைசலில் பொட்டாசியம் அயோடைடைச் சேர்த்தால், ஒரு காப்பருக்கு இரண்டு அயோடைடு கொண்ட உப்பு படியும் என்று நம் முறை கணிக்கும். உண்மையில் காப்பர் அயனி, அயோடைடு அயனியிடமிருந்து எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு நேர் 1 நிலைக்கு இறங்குகிறது. ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் வெண்ணிறக் குப்ரஸ் அயோடைடு படிய, விடுபட்ட அயோடின் கரைசலைப் பழுப்பாக்குகிறது. மின்சுமையே மாறிவிடுவதால் இது இடப்பெயர்ச்சி வினை அல்ல, ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினை. ஃபெரிக் உப்புகளும் அயோடைடோடு இப்படித்தான் நடந்துகொள்ளும். அலுமினிய உப்புக் கரைசலோடு சோடியம் கார்பனேட்டைச் சேர்த்தாலும் கணிப்புத் தவறும். அங்கே அலுமினியம் கார்பனேட் உருவாகாமல், அலுமினியம் ஹைட்ராக்சைடு கூழ்போலப் படிந்து கார்பன் டை ஆக்சைடு குமிழியிடும். தொடக்க நிலையில் இந்தச் சிலவற்றை மட்டும் விலக்காக நினைவில் வைத்துக்கொண்டு, மற்ற உப்புகளில் முறையைத் துணிந்து கையாளலாம்.

பயிற்சிக்கு அலுமினியம் சல்பேட்டையும் பேரியம் குளோரைடையும் எடுத்துக்கொள்ளுங்கள். அலுமினியம் சல்பேட்டில் அலுமினியம் 2, சல்பேட் 3. புதிய இணைகள் ஒரு பேரியத்துக்கு ஒரு சல்பேட், ஓர் அலுமினியத்துக்கு மூன்று குளோரைடு. படியப்போவது பேரியம் சல்பேட். மூன்று சல்பேட்டுக்கு மூன்று பேரியம் வேண்டும் என்பதால் பேரியம் குளோரைடு மூன்று. அதனால் வரும் குளோரைடு ஆறும் இரண்டு அலுமினியத்துக்கும் மும்மூன்றாகப் பிரிகின்றன.

அலுமினியம் சல்பேட் + 3 பேரியம் குளோரைடு → 3 பேரியம் சல்பேட் + 2 அலுமினியம் குளோரைடு

பார்வையாளர் அயனிகள் எவை என்று கண்டு, நிகர அயனிச் சமன்பாட்டை நீங்களே எழுதிப் பாருங்கள். மூன்றால் வகுக்க முடிகிறதா என்பதையும் கவனியுங்கள்.